கோப்பையை நீட்டும் கை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சண்டைக் காட்சி வரைவதைப் பற்றிக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று ஸ்டூடியோவிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவன், பிடித்தால் விடமாட்டான். மென்பொருள், லேயர், பிரேம் கணக்கு எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைத் திறந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தப்பு செய்வதில் எனக்கு உங்களைவிட அனுபவம் அதிகம்.

அதற்கு முன் அந்த ஜப்பானிய டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், போட்டால் அவருக்குப் பிடிக்காது. துபாயில் ஓர் அரபு சேனலுக்காகப் பதிமூன்று பாகத்தில் ஒரு ஆக்‌ஷன் அனிமேஷன் தொடர் எடுத்தோம். முத்துக் குளிக்கிற காலத்துக் கதை. படகு, வாள், பழைய பகை. அதற்காக டோக்கியோவிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள். அறுபத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, வலது தோள் பழுதானதால் சற்றுச் சாய்ந்த நடை. எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் விளம்பரப் படங்கள் வரைந்து தள்ளியவன். யார் வந்தாலும் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்கிற நினைப்பு நிறையவே இருந்தது.

முதல் நாள் நான் வரைந்த சண்டைக் காட்சி ஒன்றைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். "செல்வ-சான், இதில் நாற்பது அடி விழுகிறது. எந்த அடி வலித்தது?" என்று கேட்டார். செல்வராஜ் என்கிற முழுப்பெயர் அவர் வாயில் நுழையாது, அதனால் ஜப்பானிய மரியாதை ஒட்டோடு செல்வ-சான். நான் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.

பிறகு வராந்தாவில் இருந்த குடிதண்ணீர்க் கேனைத் தூக்கி மிஷினில் மாட்டச் சொன்னார். அவர் ஸ்டாப்வாட்சோடு தரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். நான் முனகிக்கொண்டே தூக்கி மாட்டினேன். "உன் தோள் எப்போது இறங்கியது தெரியுமா? கேனைத் தொடுவதற்கு முன்பே. கனத்தை உடம்பு முதலில் நினைத்துப் பார்க்கிறது. அந்த நினைப்பை வரைந்தால் போதும், அடி தானாக வலிக்கும்" என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொன்னது எவ்வளவு சரி என்று வரைய உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

நான் அஜ்மானிலிருந்து காரில் போவேன். அவருக்குச் சார்ஜாவில் பிளாட் கொடுத்திருந்தார்கள். போகிற வழியில் ஏற்றிக்கொள்வேன். சார்ஜா துபாய் டிராஃபிக் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் பிரேக் மேலேயே கால் இருக்கும். அந்த நெரிசலில்தான் அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். முதல் மூன்று வருஷம் புகையும் சிதறுகிற கல்லும் மட்டும் வரையக் கொடுத்தார்களாம். பிறகு முப்பது வருஷம் சண்டைதான். அவர் பாணியைப் பார்த்துப் பலர் வரையத் தொடங்கினார்கள். கடைசியில் சொந்தமாக ஒரு படம் எடுத்தார். இரண்டே வாரத்தில் தியேட்டரைவிட்டுப் போய்விட்டது. கம்பெனியை மூடினார்கள். கூட வேலை பார்த்த அத்தனை பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாராம்.

அதன் பிறகு பதினொரு வருஷம் அவரை யாரும் டைரக்டராகக் கூப்பிடவில்லை. அடுத்தவர் படத்தைத் திருத்துகிற வேலை மட்டும் கொடுத்தார்கள். எங்கள் தொடரில்தான் மறுபடியும் அவர் பெயர் டைரக்டர் என்று வரப்போகிறது. அதை அவர் ஒரே ஒருமுறை, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். நான் ஏசியைக் கொஞ்சம் குறைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏழாவது பாகத்தில் ஒரு பெரிய வாள் சண்டை. அதற்கு முன்னால் பகைவன் கதாநாயகனின் கூடாரத்துக்கு வருகிறான். வந்தவனுக்குக் காவா கொடுத்தாக வேண்டும். ஏலக்காய் போட்ட அரபுக் காப்பியைத்தான் காவா என்கிறார்கள். அவன் குடித்து முடிக்கும்வரை வாளைத் தொடக் கூடாது. கதையைச் சொன்னது பூ காலித் என்பவரின் தந்தை. பூ காலித்தான் சேனலுக்காகத் தொடரைத் தயாரிக்கச் சொன்னவர், அல் ஐன் ஊர்க்காரர். அவருடைய தகப்பனாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. தன் தந்தை வீட்டில் நிஜமாகவே நடந்தது என்று சொல்லித்தான் பெரியவர் அந்தக் கதையைக் கொடுத்திருந்தார்.

சண்டையை டைரக்டர் பத்தே நாளில் முடித்துவிட்டார். காவா ஊற்றுகிற ஒரு காட்சிக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பூ காலித்தின் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. வாளை விட்டுவிட்டுக் கூஜாவைப் பிடித்துக்கொண்டாரே என்று காண்டீனில் பேசிக்கொண்டோம். அவர் காதில் விழுந்திருக்கும்போல. "இந்தக் கோப்பையை நம்பாதவன் அந்த வாளையும் நம்ப மாட்டான்" என்று போகிற போக்கில் சொன்னார். காட்சி கதாநாயகனின் மார்புக்கு நேராக, கைகள் மட்டும் தெரிகிற மாதிரி. கூஜாவிலிருந்து சின்னக் கோப்பையில் ஊற்றி, அப்படியே நம்மை நோக்கி நீட்டுவான். பார்க்கிறவர்தான் விருந்தாளி.

வரைந்து முடித்த கையோடு அவர் டோக்கியோ போனார். மனைவி இறந்து ஒரு வருஷம், அதற்கான சடங்கு. எட்டு நாள் லீவ். திரும்பி வருகிற அன்றைக்கே பூ காலித் குடும்பத்துக்குப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். போகும்போது என்னிடம், "நீ பார்த்துக்கொள்" என்றார். அந்த இரண்டு சொல்லும் என் தலைக்கு ஏறிவிட்டன.

அவர் போன மறுநாள் அந்தக் காட்சியின் கவரைப் பிரித்தேன். முக்கியமான படங்களை அவர் தாளில்தான் வரைவார். ஒரு காட்சிக்கு ஒரு கவர், அதில் வேலை செய்த எல்லார் தாளும் அதிலேயே இருக்கும். திருத்தம் போடுவது மஞ்சள் தாளில். மஞ்சள் தாள் இரண்டு பேரிடம்தான் உண்டு, அவரிடமும் என்னிடமும். பார்த்தால், கதாநாயகன் கூஜாவை இடது கையில் பிடித்து ஊற்றுகிறான். இது தப்பாயிற்றே. நம் பந்தியில் சாம்பார் வாளி இடது கையில் இருக்கும், கரண்டி எப்போதும் வலது கையில். இடது கையால் ஊற்றினால் யார் சாப்பிடுவார்கள்? பாவம், ஜப்பான்காரருக்கு நம் பழக்கவழக்கம் என்ன தெரியும், அரபிகள் முன்னால் மனுஷர் அவமானப்படப் போகிறாரே என்று நினைத்தேன். அவர் மேல் இருந்த பிரியத்தில்தான் நினைத்தேன். அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

வழி சுலபம். கைகள் மட்டும் தெரிகிற காட்சிதானே. தாளைத் திருப்பி விளக்குப் பலகையில் போட்டு, மஞ்சள் தாளில் அப்படியே எடுத்தேன். இடது வலதானது, வலது இடதானது. சுத்தமாகக் கோடு போட ஜெயந்தியிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், எங்களிடம் நாலு வருஷமாக வேலை. கோடு அவ்வளவு திருத்தமாக இருக்கும்.

அவள் தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். "அண்ணை, டைரக்டர் கீறினது மற்றக் கைதானே. அவரைக் கேக்காம மாத்தலாமோ?"

"அவருக்கு இதெல்லாம் தெரியாது ஜெயந்தி. இடது கையால ஊத்துனா பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"இப்ப குடுக்கிறது இடக்கையாலயெல்லோ வருது?"

"குடுக்கிறது ரெண்டு செகண்டுகூட இல்ல. ஊத்துறதத்தான் எல்லாரும் பாப்பாங்க. நீ போடும்மா, நேரமில்ல."

அவள் போட்டாள். ஊற்றுகிற கை சரியாகிவிட்ட சந்தோஷத்தில், நீட்டுகிற கையை நான் கவனிக்கவே மறுத்தேன். டோக்கியோவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சடங்கில் இருக்கிறவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே பெருந்தன்மை காட்டிக்கொண்டேன். ஸ்டூடியோவில் அரபு மொழி பேசுகிறவர்கள் குரல் கொடுக்க வந்தவர்கள்தான், அவர்கள் முதல் வரைவைப் பார்த்தே பேசிவிட்டுப் போயிருந்தார்கள். தப்பைச் சொல்ல ஆளே இல்லை.

டைரக்டர் விமான நிலையத்திலிருந்து நேராகப் படம் போடுகிற அறைக்கு வந்தார். பூ காலித்தும் அவர் தகப்பனாரும் முன் வரிசையில். ஏழாவது பாகம் ஓடியது. காவா காட்சி வந்தது. கூஜா சாய்ந்தது, கோப்பை நிறைந்தது, இடது கை அதை நம் முகத்துக்கு நேராக நீட்டியது. என் பக்கத்தில் டைரக்டர் மூச்சை இழுப்பது கேட்டது. பெரியவர் எழுந்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று பூ காலித் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். சண்டை யாரும் பார்க்காமல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. தொடர் நிறுத்தம். அவர் தகப்பனாரை, அவர் சொன்ன கதையிலேயே, முகத்துக்கு நேராக அவமதித்திருக்கிறோம் என்று பேச்சு. அந்த ஊரில் கூஜா இடது கையில்தான் இருக்க வேண்டும், வலது கைதான் கோப்பையைக் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை டைரக்டர் சரியாகப் பார்த்து, சரியாக வரைந்திருந்தார். ஹோட்டல் வாசலில் அப்படி ஊற்றுகிறவர்களை நானும் நூறு தடவை கடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

எங்கள் ஸ்டூடியோ புரொட்யூசர் டைரக்டர், ஜெயந்தி, நான் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பம்பாய்க்காரர், கோபம் வந்தால் குரல் மெலிந்துவிடும். "யார் செய்தது? கவரைக் கொண்டு வா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அலமாரிக்கும் அந்த அறைக்கும் நடுவில் நீளமான வராந்தா. என் மகள் அப்போது பிளஸ் டூ. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. எனக்கு விசா கேன்சலானால் மனைவி, மகள், நான் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகக் கவருக்குள் போனது, மஞ்சள் தாள்களை உருவி மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டது. அதை வரைந்த அதே கைதான்.

கவரை மேஜையில் வைத்தேன். புரொட்யூசர் பிரித்துப் பார்த்தார். வெள்ளைத் தாளில் டைரக்டரின் படம், சரியாக இருந்தது. அடுத்து ஜெயந்தியின் சுத்தக்கோடு, தப்பாக இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. அவர் தலையை நிமிர்த்தி ஜெயந்தியைப் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டேன்.

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். அதற்குள் டைரக்டர் தாள்களை எடுத்து விரலிடுக்கில் வைத்து இரண்டு முறை புரட்டினார். மஞ்சள் தாள் இல்லாமல் அப்படிக் கோடு வர வழியில்லை என்று அவருக்குத் தெரியும். மஞ்சள் தாள் யாரிடம் இருக்கிறது என்றும் தெரியும். தாள்களைத் தட்டி நேராக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "டோக்கியோவிலிருந்து நான் போனில் சொன்னேன், திருப்பிப் போடு என்று. என் முடிவு. சொன்னதைத்தான் அந்தப் பெண் செய்தாள்."

வெள்ளிக்கிழமைக்குள் அவர் கிளம்ப வேண்டும், தொடரில் அவர் பெயர் இருக்காது என்று புரொட்யூசர் சொன்னார். டைரக்டர் எழுந்து தலைகுனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஜெயந்தி படிக்கட்டில் என்னை மறித்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. "அண்ணை, நான் ஒண்டும் கதைக்கேல்லை. நீங்கள் கதைப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். "பரீட்சை முடியட்டுங்க. அப்புறமா சொன்னா என்ன?"

"அவரு வெள்ளிக்கிழமை போறாரு."

"அவருக்குப் புள்ளைங்க எல்லாம் பெருசாகியிருக்கும்ல?" என்றாள். பிறகு தானே, "நான் கேட்டது தப்புதான்" என்றாள். இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். நான் சட்டைக்குள் தாளை மடித்துக்கொண்டு வந்தவன், அவள் வாயால் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதன்கிழமை மத்தியானம் டைரக்டரின் பிளாட்டுக்குப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. மஞ்சள் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல கோடு. திருப்பிப் போட்டும் மணிக்கட்டில் கனம் குறையவில்லை" என்றார். அந்த நேரத்தில் பாராட்டு வேறு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதற்காக மாற்றினாய்?"

"உங்களுக்கு அவமானம் வரக் கூடாது என்று."

அவர் சிரித்தார். பழுதான தோள் குலுங்கியதில் வலித்திருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டார். "உன் மகளுக்குப் பரீட்சை. எனக்கு எப்படியும் ஊருக்குப் போக வேண்டிய வயது. தாளைக் கிழித்துப் போட்டுவிடு செல்வ-சான்" என்றார். நிஜமாகவே சொன்னார். நான் சரி என்றால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

கீழே வந்து காரில் உட்கார்ந்தேன். அவரே மன்னித்துவிட்டார், அவரே கிழிக்கச் சொல்லிவிட்டார், இனி என்ன என்று ஒரு பத்து நிமிஷம் என்னோடு நானே வாதாடினேன். இளைய நண்பர்களே, உங்களுக்கும் ஒருநாள் இந்தப் பத்து நிமிஷம் வரும். அப்போது எதிராளி கெட்டவனாக இருந்தால் பிழைத்தீர்கள். நல்லவனாக இருந்து, உங்களைத் தப்பித்துப் போ என்று சொன்னால்தான் கஷ்டம். அந்தப் பதினொரு வருஷத்தை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னது இதே காரில்தான். நான் பூ காலித்துக்குப் போன் போட்டேன். "வா" என்றார், அவ்வளவுதான்.

அல் ஐன் போய்ச் சேரும்போது அசர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மஜ்லிஸுக்குள் போனேன். நாலு சுவரை ஒட்டியும் திண்டுகள். மூலையில் பெரியவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. பூ காலித்தின் இளைய மகன் கூஜாவோடு வந்து எனக்குக் காவா கொடுத்தான். இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை. கோபத்தில் இருக்கிற வீட்டிலும் வந்தவனுக்கு முதலில் இதுதான். வாங்கிக் குடித்தேன். அரைவாய்கூட இல்லை, அவ்வளவு கசப்பு.

எனக்குத் தெரிந்த இந்தியிலும் கொஞ்சம் அரபுச் சொல்லிலும் எல்லாவற்றையும் சொன்னேன். கை என்னுடையது, டைரக்டர் வரைந்தது சரி, அந்தப் பெண் என்னை எச்சரித்தாள், தாளை ஒளித்தது நான். மஞ்சள் தாள்களைக் கம்பளத்தில் பரப்பி வைத்தேன். பூ காலித் முகம் இளகவில்லை.

"பாய், யாராவது செய்யச் சொன்னார்களா? எங்கள் குடும்பத்துக்கு வேண்டாதவர்கள் இருக்கிறார்கள்."

"யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை."

"இந்த நாட்டில் இருந்துகொண்டு தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?"

இதற்கிடையில் கோப்பை காலியானபோதெல்லாம் அந்த மகன் ஊற்றிக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்றால் இன்னொரு அவமரியாதை ஆகிவிடும் என்று பயந்து நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். ஏழோ எட்டோ ஆகிவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, நெற்றி வியர்த்தது. மறுபடி அவன் கூஜாவைச் சாய்த்தான், நான் மறுபடி கோப்பையை நீட்டினேன். மூலையிலிருந்து ஒரு சத்தம். பார்த்தால், பெரியவர் சிரிக்கிறார். பூ காலித்திடம் அரபியில் என்னவோ சொன்னார். பூ காலித் என் கோப்பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"போதும் என்று சொல்ல மாட்டாயா?"

"எப்படிச் சொல்வது?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

பெரியவர் தன் கோப்பையை எடுத்து, மணிக்கட்டால் இரண்டு முறை லேசாக ஆட்டிக் காட்டினார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. கோப்பையை ஆட்டுவதற்கு, இனி வேண்டாம் என்று அர்த்தமாம். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பது வீட்டுக்காரர் கடமையாம். நான் ஆட்டினேன். பையன் கூஜாவை எடுத்துக்கொண்டு போனான்.

பூ காலித் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எத்தனை வருஷம் இங்கே?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் காவா குடித்ததில்லையா?"

"யாரும் கூப்பிட்டதில்லை. நானும் போனதில்லை."

அதை அவர் தகப்பனாருக்கு அரபியில் சொன்னார். பெரியவரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெபமாலையை மடியில் வைத்தார். என்னை அப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தார். அவர் மெதுவாகச் சொன்னதை மகன் எனக்கு இந்தியில் சொன்னார். "அப்படியென்றால் இது உன் தப்பு மட்டும் இல்லை என்கிறார்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அறிமுகமில்லாத வீட்டில், ஐம்பத்தொரு வயதில், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

டைரக்டர் ஊருக்குப் போகாமல் இருந்தார், தொடரில் அவர் பெயரும் இருந்தது. தொடர் மறுபடி தொடங்கியது. எனக்கு விசாவும் பிழைத்தது, ஆனால் சும்மா பிழைக்கவில்லை. புரொட்யூசர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், மஞ்சள் தாளை என்னிடமிருந்து வாங்கி ஜெயந்தியிடம் கொடுத்தார். நியாயம்தான். அந்தக் காட்சியை நானே திரும்ப வரைய வேண்டும், அதுவும் மூன்று சாயங்காலம் மஜ்லிஸில் உட்கார்ந்து பார்த்த பிறகு என்று டைரக்டர் சொல்லிவிட்டார். போனேன், பார்த்தேன், வரைந்தேன். ஜெயந்தி என் கட்டைவிரலை மூன்று முறை திருத்தி அனுப்பினாள். "அண்ணை, கோப்பை சுடும். விரல் அதை நினைக்கேல்லை" என்று மஞ்சள் தாளில் எழுதியிருந்தாள். அவள் சொன்னது சரி, திரும்பப் போட்டேன். பழைய விஷயத்தை அவள் அதன் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. நான்தான் ஒருநாள் காண்டீனில் எல்லார் முன்னாலும் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "சரி அண்ணை, சாப்பிடுங்கோ" என்றாள்.

மறுபடியும் படம் போட்டுக் காட்டினோம். அதே அறை, அதே முன் வரிசை. நான் பின்னால் சுவரோரம் நின்றேன், டைரக்டர் பக்கத்தில். திரையை நான் பார்க்கவில்லை. பெரியவரின் தோளையும் கைத்தடி மேல் இருந்த வலது கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூஜா சாய்கிற சத்தம் வந்தது. ஊற்றி முடிகிற சத்தம் வந்தது. கோப்பை அவரை நோக்கி வருகிற நேரம் எனக்கு மனப்பாடம்.

பெரியவரின் தோள் சற்று இறங்கியது. வலது கை தடியை விட்டு எழுந்தது, விரல்கள் கோப்பையை வாங்குவதற்காக விரிந்தன. ஒரு நொடி அப்படியே நின்றது. திரை என்று ஞாபகம் வந்ததும், பக்கத்தில் மகன் பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார்.

டைரக்டரும் பார்த்துவிட்டார். என் காதருகே குனிந்து, "இனிமேல் சண்டை வரலாம்" என்றார்.